நாணல் குருகுக்காக ஒரு சனிக்கிழமை

லாம்பெர்ட் எங்கள் ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் அவன் தெற்கத்திக்காரன்தான். பனிக்கட்டியில் நிற்கத் தெரியாதவனை வாய்க்காலும் நாணலுமான எங்கள் வேரிபென் சதுப்பில் வேறு எப்படிச் சொல்வது? இங்கே பிள்ளைகள் சமையலறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உறைந்த வாய்க்காலில் சறுக்கப் பழகிவிடும். இவன் வந்த முதல் குளிர்காலத்திலேயே பின்வாசல் படியில் இறங்கி, இரண்டடி எடுத்து வைத்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அதோடு பனிக்கட்டிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பிழைப்பு ஸ்வொல்லெ நகரத்து ரயில் அலுவலகத்தில். எந்த வண்டி எந்தப் பாலத்தை எப்போது தாண்டவேண்டும், ஒன்று தாமதமானால் எது ஒதுங்கி வழிவிடவேண்டும் என்று கோடு போட்டுக் கொடுக்கிற வேலை. மனசு மட்டும் நாணலுக்குள் கிடந்தது. குளிர்காலச் சனிக்கிழமை என்றால் டெலஸ்கோப்பைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவான், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவான். காட்டு வாத்து, அன்னம், பூனைப்பருந்து எல்லாவற்றையும் பார்ப்பான். ஆனால் உயிர் இருப்பது நாணல் குருகின் மேல். வைக்கோல் நிறத்தில் கறுப்புக் கீற்றுகளோடு இருக்கும் அந்தப் பறவை, அலகை வானத்துக்கு நீட்டி நின்றுவிட்டால் நாணலோடு நாணலாகிவிடும். பக்கத்தில் போய் நின்றாலும் தெரியாது. அதைத் தேடி நாள் முழுக்க ஒரு மரக்குடிலில் உட்கார்ந்திருப்பதை அவன் ஓய்வு என்று சொல்வான்.

அவன் மனைவி ரூலி இந்த ஊரில் பிறந்தவள். நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். எங்கள் பக்கத்தில் இன்று மீசையும் தொந்தியுமாகத் திரிகிற பாதிப் பேர் அவளிடம் தண்ணீர் குடித்துத் தேறியவர்கள்தான். சின்ன வயதில் பனிச்சறுக்கில் இந்த வட்டாரத்தில் அவளை முந்த ஆளில்லை. காலில் சக்கரம் கட்டியவள். அப்படிப்பட்டவளுக்கு வேலை ஓய்ந்ததும் வீடு கசந்தது. இதில் வேடிக்கையைப் பாருங்கள். இங்கேயே பிறந்தவளுக்கு எப்போதடா கிளம்புவோம் என்றிருந்தது. எங்கிருந்தோ வந்து சேர்ந்தவனோ என்னைக் கிளப்பாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அக்டோபரில் விவகாரம் முற்றியது. ஸ்வொல்லெயில் இருக்கும் மகள் மிர்தே, தன் தெருவுக்குப் பக்கத்தில் நாலாவது மாடி வீடு ஒன்று காலியாகிறது என்று சொல்லியிருந்தாள். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

"நல்ல வீடு லாம்பெர்ட். லிஃப்ட் இருக்கு. இறங்கினா சந்தை. பக்கத்துலயே மிர்தே," என்றாள் ரூலி. "இங்க என்ன இருக்கு? குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே இருட்டிடுது, ஜன்னல்ல பார்த்தா என் மூஞ்சிதான் எனக்குத் தெரியுது."

"அமைதி இருக்கு."

"எனக்கு அமைதி போதும்பா. மிச்சத்தைச் செத்த பிறகு வாங்கிக்கறேன்."

லாம்பெர்ட் காபிக் கோப்பையின் காதை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். வாதாடத் தெரியாத ஆள். உள்ளே என்னவோ இடிந்து விழுகிறது, வெளியே கோப்பை மட்டும் நகர்கிறது. அதைப் பார்க்க ரூலிக்கே பொறுக்கவில்லை.

"சரி, இப்படிப் பண்ணலாம்," என்றாள். "ஒரே ஒரு நாள் உன்கூட வர்றேன். இத்தனை வருஷமா அந்த நாணலுக்குள்ள நீ அப்படி என்னத்தைப் பார்க்கறேன்னு காட்டு. எனக்கும் அது பிடிபட்டா இங்கயே இருந்துடலாம். பிடிபடலேன்னா ஸ்வொல்லெ. அப்புறம் நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

உடனே இருவரும் நாட்குறிப்பை எடுத்தார்கள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்குக் காபி குடிக்கப் போவதென்றாலும் மூன்று வாரம் முன்னால் தேதி குறிக்காமல் நடக்காது. ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை என்று முடிவாயிற்று. லாம்பெர்ட் கேட்டது அந்த நாளைத்தான். அதற்குள் இலையெல்லாம் உதிர்ந்து நாணல் மெலிந்திருக்கும், குருகு கண்ணில் படும் என்பது அவன் கணக்கு.

சொந்தக்காரர்களின் பிறந்தநாளையெல்லாம் குறித்து எங்கள் ஊர் வழக்கப்படி கழிவறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் நாள்காட்டியை அவன் பார்க்கவில்லை. அங்கே போய்விட்டு வந்த ரூலிதான் சொன்னாள்: "அன்னிக்கு ஹில்பெர்ட் பிறந்தநாள்."

ஹில்பெர்ட் அவள் தம்பி. பிறந்தநாள் என்றால் எங்கள் பக்கத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வருகிறவர் ஒவ்வொருவரும் வட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் கைகொடுத்து, உங்கள் தம்பிக்குப் பிறந்தநாள், உங்களுக்கு வாழ்த்து, உங்கள் மாமாவுக்குப் பிறந்தநாள், உங்களுக்கும் வாழ்த்து என்று சுற்றி வரவேண்டும். பிறகு ஆளுக்கொரு துண்டு கேக். கொட்டாவி வரும். ஆனால் போகாமல் இருந்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை அதைப் பேசுவார்கள். ரூலி தொலைபேசியை எடுத்தாள்.

"பகல்ல வரமாட்டியா?" என்றான் ஹில்பெர்ட். "யாராவது செத்துட்டாங்களா?"

"சாயங்காலம் வர்றோம்டா. பகல்ல லாம்பெர்ட்கூட நாணலுக்குப் போறேன்."

"எதுக்கு?"

"பறவை பார்க்க."

"ரூலி, உனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

அன்றிலிருந்து லாம்பெர்ட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்துவிட்டது. தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. மழை பெய்தால் மேற்குப் பக்கத்து மரக்குடில், மூடுபனி என்றால் மதகுப் பக்கம், காற்று எதிரே அடித்தால் நாணல் வெட்டுகிறவர்களின் பாதை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டம். காலையில் போட்டதை மாலையில் மாற்றுவான். நவம்பரில் விடுப்பு எடுத்து வாரத்துக்கு மூன்று தடவை தனியாகப் போய் நடந்து பார்த்தான். எந்த இடத்தில் அவளுக்குச் சேறு காலில் படும், எந்தப் பலகையில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்றெல்லாம் பார்த்து, பலகைக்கு ஒரு மெத்தை தைத்தான். அவனே தைத்தான். அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாவமாக இருந்தது.

டிசம்பரில் சிந்தர்க்லாஸ் பண்டிகைக்கு அவளுக்கு எடை குறைந்த பைனாகுலர் ஒன்று வாங்கினான். பரிசோடு கேலிப்பாட்டு எழுதித் தருவது வழக்கம். இவன் எழுதிய பாட்டில் கேலியே இல்லை. எங்கே திருகினால் எது தெளியும் என்று விளக்கியிருந்தான். ரூலி அதை உரக்கப் படித்துவிட்டு, "இது பாட்டா, மருந்துச் சீட்டா?" என்றாள். மிர்தே சிரித்தாள். லாம்பெர்ட்டும் சிரித்தான். ஆனால் பைனாகுலர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை அவன் கண் பின்தொடர்ந்தது.

பிறகுதான் அவன் கணக்கையெல்லாம் கலைக்கிற காரியம் நடந்தது. புத்தாண்டு கழிந்ததும் காற்று கிழக்குக்குத் திரும்பியது. வாய்க்கால்களில் முதலில் பால் ஆடைபோல ஒன்று படிந்தது. இரண்டு நாளில் அது வாத்தைத் தாங்கியது. மூன்றாம் நாள் நாயைத் தாங்கியது. பல வருடமாக எங்கள் குளிர்காலம் வெறும் மழையும் சேறுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் பழகிப்போன லாம்பெர்ட் மழைக்கும் மூடுபனிக்கும் காற்றுக்கும் திட்டம் போட்டானே தவிர, குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் என்பதை மறந்தே போனான். தண்ணீருக்கு மேலே வாழ்கிற எங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமுடியாது.

உறைந்தால் பறவைகள் தெற்கே போய்விடும். குருகு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. போய்விடலாம், எங்காவது திறந்த தண்ணீரைத் தேடி ஒதுங்கலாம், பட்டினியில் செத்தும் போகலாம். மறுபக்கம் ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது. ஹில்பெர்ட் எங்கள் பனிக்கட்டிச் சங்கத்தின் மேற்பார்வையாளன். துளைக்கருவியும் நீளக் கழியுமாக வாய்க்கால் வாய்க்காலாக அளந்து திரிந்தான். வியாழக்கிழமை தீர்ப்புச் சொன்னான்: தாங்கும். சனிக்கிழமை ஊர்ச் சறுக்குப் பயணம். தன் பிறந்தநாளுக்குப் பகலில் போடவிருந்த நாற்காலி வட்டத்தைத் தானே காலி செய்துகொண்டான் என்பது அவனுக்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

அந்த இரண்டு நாளும் ரூலி வீட்டில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பின்வாசல் கண்ணாடிக்குப் போவாள், வாய்க்காலைப் பார்ப்பாள், திரும்பி வந்து துடைத்த பாத்திரத்தையே துடைப்பாள். லாம்பெர்ட் வரைபடத்தை மடித்தான், விரித்தான்.

"ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமா?" என்று கேட்டான்.

"அடுத்த சனிக்கிழமை மிர்தேகூட மாடி வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போறோம். நீதானே எழுதி வச்சே?"

"எழுதினேன்."

"தேதி தேதிதான் லாம்பெர்ட். நான் வர்றேன்னு சொன்னா வருவேன்."

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் கிளம்பினார்கள். இரண்டு பிளாஸ்க், பட்டாணி சூப், கம்பு ரொட்டி, பன்றிக்கொழுப்பு, மெத்தை, டெலஸ்கோப். மரக்குடிலில் உட்கார்ந்து சின்ன ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரே வெள்ளை. நவம்பரில் நூற்றுக்கணக்கில் வாத்து மிதந்த இடத்தில் ஒரு காக்கை நடந்துகொண்டிருந்தது. அதுவும் இவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

ரூலி பொறுமையாகத்தான் இருந்தாள். அதுதான் லாம்பெர்ட்டைக் கொன்றது. அவள் சலித்துக்கொண்டால் பதில் சொல்லலாம். மெத்தையில் கை கட்டி உட்கார்ந்து, பல் மருத்துவரிடம் காத்திருப்பவள் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காட்டு வாத்துக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு போனது.

"அதோ, அதோ," என்றான்.

"இதை நான் பாத்திரம் கழுவும்போதே பார்க்கறேனேப்பா."

காபி ஊற்றினான். கொஞ்சம் மெத்தையில் சிந்தியது. ரொட்டியை எடுத்தான், பசிக்கவில்லை, திரும்ப வைத்தான். இந்தக் காலை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, கூடவே வீடும். நாலாவது மாடியில் நின்று கீழே கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னை அவனால் பார்க்க முடிந்தது. தொலைவில், நாணலுக்கு அப்பால், சறுக்குக் காலணியின் இரும்பு பனியைக் கீறுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஊர் கிளம்பிவிட்டது. ரூலியின் முழங்கால் தானாக ஆடியது. அவள் கையால் அழுத்திப் பிடித்தாள். மறுபடி ஆடியது.

"குருகு இருக்கலாம்," என்றான். "கொஞ்சம் பொறுத்தா..."

"லாம்பெர்ட், நான் ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"கார்ல, போர்வைக்கு அடியில, என் ஸ்கேட் இருக்கு."

அவன் முகம் தொங்கிப்போனது. தன் பையில் எதையெல்லாம் அடுக்கலாம் என்று மூன்று மாதம் யோசித்தவனுக்கு, அவள் ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்து வைத்திருந்தாள் என்பது நெஞ்சில் தைத்தது. ஆனால் அந்த முழங்காலைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"போ," என்றான். "கயிறு கட்டின பக்கம் மட்டும் போகாதே. அது பறவைக்கு விட்ட இடம்."

அவள் குடிலுக்குப் பக்கத்துக் குறுகிய வாய்க்காலில் உட்கார்ந்து காலணியை மாட்டினாள். எழுந்து இரண்டு தடவை தள்ளினாள். அவ்வளவுதான், அறுபதைத் தாண்டிய பெண்மணி காணாமல் போனாள். கைகளைப் பின்னால் கட்டி, இடுப்பைத் தாழ்த்தி, வளைவை நோக்கிப் போனாள். லாம்பெர்ட் பழக்கதோஷத்தில் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்தான். மனசு விட்டுப்போயிருந்தது. திங்கட்கிழமை மிர்தேவுக்கு என்ன சொல்வது என்று வாக்கியங்களைக் கோர்த்துக்கொண்டிருந்தான்.

வளைவு தாண்டியதும் அவளைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்தாள்.

ரூலி நிற்பதில்லை. வாசலில் பேசினால்கூட கால் மாற்றிக்கொண்டே இருப்பவள் வாய்க்கால் நடுவில், ஒரு கால் முன்னால், கைகள் பக்கவாட்டில், பாதியில் நிறுத்தியமாதிரி நின்றாள். அவளுக்கு முன்னால் சின்ன மதகு. அங்கே தண்ணீர் ஓடுவதால் ஒரு கட்டில் அகலத்துக்கு உறையாமல் கறுத்துக் கிடந்தது. அதை ஒட்டி நாணல்.

அவள் எதையோ கண்டுவிட்டாள் என்று லாம்பெர்ட்டுக்குப் புரிந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து நாணலின் முதுகுதான் தெரிந்தது. கரை அங்கே முடிந்து குறுக்கே ஒரு உறைந்த ஓடை. அதில் கால் வைத்தால் விழுவான். விழுந்தால் சத்தம் கேட்கும், அங்கே எது இருந்தாலும் பறந்துவிடும். மூன்று மாதத் திட்டமும் முப்பது வருடக் காத்திருப்பும் அந்த மூலையில் நிற்கிறது, அவனால் பார்க்க முடியாது. ஒரு கணம் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. டெலஸ்கோப்பை நிறுத்தினான். நாணலில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் ரூலியின் முகத்துக்குத் திருப்பினான்.

குளிரில் கண்ணீர் வழிந்து கன்னத்தில் நின்றிருந்தது, துடைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இந்த முகத்தை எப்போது கடைசியாக இவ்வளவு நேரம் பார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தான். நினைவு வரவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் நெருங்கியது. ஊர்ச் சறுக்குப் பயணம். ஹில்பெர்ட் கழியோடு முன்னால், அவனுக்குப் பின்னால் ஒரு நீளச் சங்கிலியாக நாங்கள் எல்லோரும், சிரித்துக்கொண்டு, பாதை நேரே மதகை ஒட்டித்தான். லாம்பெர்ட்டுக்குக் கத்தவும் முடியவில்லை, கையாட்டவும் முடியவில்லை.

ரூலி திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரல்களை விரித்து, உள்ளங்கையைக் காட்டினாள்.

நீச்சல் குளத்தில் அவள் கை அப்படி விரிந்தால் ஒரு பிள்ளை அசையக்கூடாது. நாங்கள் நின்றோம். மீசைக்காரன், தொந்திக்காரன், நான், எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, ஒருவர் முதுகில் ஒருவர் மோதி, சத்தம் போடாமல் நின்றோம். ஹில்பெர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரூலி, பின்னால அம்பது பேர் நிக்கறாங்க," என்றான். கை இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் பெருமூச்சு விட்டுக் கழியைத் திருப்பினான். அத்தனை பேரும் வந்த வழியே திரும்பினோம். அங்கே என்ன இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

வெகுநேரம் கழித்து அவள் லாம்பெர்ட் நின்ற கரைக்கு வந்தாள். உதடு நீலமாகியிருந்தது.

"கிழவன் செருப்புப் போட்டுக்கிட்டு நடக்கறமாதிரி பனி மேல நடந்துச்சுப்பா," என்றாள். "ஒரு கால் வழுக்குச்சு. உடனே யாராவது பார்த்துட்டாங்களான்னு என்னைப் பார்த்துச்சு. அப்புறம் அலகை மேல தூக்கிட்டு, நாணல் ஆடினா அதுவும் ஆடுது. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், காணோம். அங்கதான் இருக்கு, ஆனா காணோம். மறுபடி வந்து ஒரு மீனைப் பிடிச்சுது."

லாம்பெர்ட் டெலஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தான். "அதுதான்."

"நீ பார்த்தியா?"

"இங்கருந்து தெரியல."

"அப்புறம் இவ்வளவு நேரம் அந்தக் குழாய்ல என்னத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தே?"

"உன்னை."

"வெக்கம் கெட்டவனே," என்றாள் ரூலி. சூப்பைக் கேட்டாள். இரண்டு பேருடையதையும் அவளே குடித்தாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம்.

சாயங்காலம் ஹில்பெர்ட் வீட்டில் நாற்காலி வட்டம் நிறைந்துவிட்டது. எல்லோரும் கன்னம் சிவந்து, கால் வலியோடு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி முடித்து, கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். மிர்தேவும் வந்திருந்தாள். லாம்பெர்ட் தட்டை மடியில் வைத்து முள்கரண்டியால் கேக்கைக் குத்திக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

"எத்தனையோ வருஷம் கழிச்சு ஒரு பயணம்," என்றான் ஹில்பெர்ட். "ஒரு கோழிக்காக அம்பது பேரைத் திருப்பி அனுப்பினா என் அக்கா. என் பிறந்தநாள் அன்னிக்கு."

"கோழி இல்லடா. நாணல் குருகு."

"எதுவோ ஒன்னு. அடுத்த வருஷமாவது முழு நாள் வா. இப்பவே எழுதிக்கோ, ரெண்டாவது சனிக்கிழமை."

"ரெண்டாவது சனிக்கிழமை தோதுப்படாது," என்றாள் ரூலி. "இவன்கூடப் போகணும். ஆனா அந்தக் குடில்ல இனிமே உட்கார மாட்டேன், முதுகு போச்சு. காரும் வேணாம். நம்ம பின்வாசல் படியிலயே ஸ்கேட்டை மாட்டிக்கிட்டு இறங்கிடுவோம், அங்கருந்து மதகு கிட்டத்தானே."

மிர்தே தாயை நிமிர்ந்து பார்த்தாள். லாம்பெர்ட்டின் முள்கரண்டி நின்றது.

"அடுத்த வருஷம் உறையும்னு யார் சொன்னா?" என்றான் ஹில்பெர்ட்.

"உறையலேன்னா படகு இருக்கு. உறைஞ்சா இவன் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வரட்டும்." அவள் லாம்பெர்ட் பக்கம் திரும்பினாள். "கேக்கைச் சாப்பிடு. எல்லாரும் பார்க்கறாங்க."

அவன் சாப்பிட்டான்.